விலை மாறாச் சந்தை: 'ஸ்டார்டியூ வேலி' கணினி விளையாட்டில் பொருளீட்டலும் கதையும்

ஆய்வுச் சுருக்கம்

'ஸ்டார்டியூ வேலி' என்னும் வேளாண் கணினி விளையாட்டில் பொருளீட்டும் முறை எவ்வெவ் விதிகளால் அமைந்துள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இவ்விளையாட்டில் விளைபொருளின் விலை எத்துணை விற்றாலும் குறைவதில்லை. அதனால் ஈட்டலின் அளவை உறுதி செய்வது சந்தையன்று. ஒவ்வொரு கட்டத்திலும் எது அருகியிருக்கிறதோ அதுவேயாகும். முதலில் பணமும், அடுத்து உடலுழைப்பும், பின்னர் நொதிகலன்களும் அவ்வாறு அருகியவையாகின்றன. இவ்வரிசையில் முன்னேறும் ஆட்டக்காரர், கதை கண்டிக்கும் வணிக முறையையே தம் பண்ணையில் நிறுவ நேர்வது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: வேளாண் விளையாட்டு, விதிவழி வாதம், முல்லைப்பாங்குக் கற்பனை, விலை, உழைப்பு, நொதித்தல்.

1. முன்னுரை

வேளாண்மையைப் பொருளாகக் கொண்ட கணினி விளையாட்டுகளுள் முன்னோடி என்று சுட்டத்தக்கது, 1996இல் சப்பானில் யசுஹிரோ வாடா உருவாக்கிய 'பொகுஜோ மொனொகதாரி' ஆகும். ஆங்கிலத்தில் அது 'ஹார்வெஸ்ட் மூன்' என்னும் பெயரில் வெளிவந்தது. போரும் கொலையும் மிக்கிருந்த அக்கால விளையாட்டுகளுக்கிடையே விதைத்தலையும் நீர் பாய்ச்சுதலையும் அயலாரோடு பழகுதலையும் ஆட்டமாக்கியமை அதன் புதுமை. அதனைத் தம் முன்மாதிரியாக வெளிப்படையாகக் கூறிய எரிக் பரோன் என்னும் அமெரிக்கர், நான்காண்டுகளுக்கும் மேலாகத் தனியொருவராக உழைத்து, நிரல், ஓவியம், இசை, உரையாடல் ஆகிய அனைத்தையும் தாமே ஆக்கி 2016 பிப்ரவரி 26ஆம் நாள் 'ஸ்டார்டியூ வேலி'யை வெளியிட்டார். 2022இல் 2 கோடிப் படிகளும் 2024இன் இறுதிக்குள் 4 கோடிக்கு மேற்பட்ட படிகளும் விற்றன. ஒரு புனைவை இத்தனை பேர் நூற்றுக்கணக்கான மணிநேரம் செலவிட்டு உட்கொள்கின்றனர் என்றால் அதன் உள்ளமைப்பு இலக்கிய ஆய்வாளர் கவனத்துக்கும் உரியது.

இவ்வாய்வுக்கு இரு நூல்கள் துணையாகின்றன. ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட 'நாடும் நகரமும்' என்னும் பொருளுடைய ஆங்கில நூல், நாட்டுப்புறத்தைப் போற்றும் ஆங்கிலக் கவிதைகளில் உழைப்போர் காட்சியிலிருந்து மறைக்கப்படுவதை எடுத்துக்காட்டியது. இயன் போகோஸ்ட் 2007இல் வெளியிட்ட நூல், விளையாட்டு தன் சொற்களால் மட்டுமன்றி விதிகளாலும் வாதிடுகிறது என்று நிறுவியது. கதை ஒன்றைச் சொல்ல, விதி வேறொன்றைச் சொல்லவும் கூடும். அவ்விடைவெளியே இங்கு ஆராயப்படுவது. பின்வரும் கணக்குகள் அனைத்தும் தரக்குறியீடு பெறாத விளைபொருளின் அடிப்படை விலையைக் கொண்டவை.

2. கதைக்களம்

ஜோஜா என்னும் பெருநிறுவனத்தின் அலுவலக அறையில் சலித்திருக்கும் ஒருவர், இறந்த தாத்தா விட்டுச்சென்ற மடலைப் பிரித்துப் படித்து, அவருடைய பண்ணைக்குக் குடிபெயர்வதே தொடக்கம். பெலிக்கன் டவுன் என்னும் அச்சிற்றூரிலும் ஜோஜாவின் அங்காடி ஒன்று உள்ளது. பியர் என்பவரின் சிறு கடை அதற்கு எதிரில் தளர்ந்துகொண்டிருக்கிறது. ஊர்ப் பொதுக்கூடம் பாழடைந்து கிடக்கிறது. ஆட்டக்காரர் பல்வகை விளைபொருள்களையும் மீனையும் கனிமத்தையும் திரட்டிப் படைத்து அக்கூடத்தை மீட்கலாம். அல்லது ஜோஜாவுக்கு 5,000 காசு செலுத்தி உறுப்பினராகி, கூடத்தை அந்நிறுவனத்தின் கிடங்காக மாற்றவிட்டு, அதே ஊர்ப்பணிகளைப் பணத்தால் முடித்துக்கொள்ளலாம். இரண்டாம் வழியில் உறுப்பினர் கட்டணம் நீங்கலாகச் செலவு 1,35,000 காசு. கதையின் பரிவு எவ்வழியில் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

எளிய பொருளியல் எதிர்பார்ப்புக்கு மாறான ஒரு செய்தி இங்குக் குறிக்கத்தக்கது. பியர் கடையில் 20 காசுக்குக் கிடைக்கும் பார்ஸ்னிப் என்னும் வெண்கிழங்கின் விதை, ஜோஜாவில் 25 காசு. பெருநிறுவனம் விலையைக் குறைத்தே சிறு வணிகரை வீழ்த்தும் என்பது உலகியல். இங்கோ அறத்தின் பக்கம் நிற்பது மலிவாகவும் இருக்கிறது. கதைக்காகக் கணக்கு வளைக்கப்பட்ட இடம் இது.

3. பணம் அருகிய கட்டம்

கையிருப்பு 500 காசுடன் முதல் வேனிற்பருவம் தொடங்குகிறது. பருவம் ஒவ்வொன்றுக்கும் 28 நாள். ஆண்டுக்கு நான்கு பருவங்கள். பருவம் மாறும் நாளில், அடுத்த பருவத்துக்கு உரியனவல்லாத செடிகள் அனைத்தும் பட்டுப்போகும். பார்ஸ்னிப் 4 நாளில் விளைந்து 35 காசுக்கு விற்கும். காலிஃபிளவர் விதை 80 காசு. 12 நாளில் விளைந்து 175 காசுக்கு விற்கும். ஒரு கட்ட நிலம் ஒரு நாளில் தரும் ஊதியத்தைக் கணக்கிட்டால் காலிஃபிளவருக்கு ஏறத்தாழ 7.9 காசு, பார்ஸ்னிப்புக்கு 3.75 காசு. எனவே காலிஃபிளவரே இரு மடங்கு மேலானது என்று புதியவர் முடிவு செய்வது இயல்பு.

அம்முடிவு பிழையானது. 500 காசுக்கு 6 காலிஃபிளவர் விதைகளே கிட்டும். 12 நாள் கழிந்தபின் கையில் மொத்தம் 1,070 காசு நிற்கும். அதே பணத்துக்கு 25 பார்ஸ்னிப் விதைகள் வாங்கினால் ஐந்தாம் நாள் 875 காசாகும். அதைக் கொண்டு 43 விதைகள் இட்டால் ஒன்பதாம் நாள் மீதியுடன் 1,520 காசு. அதற்கு 76 விதைகள் இட்டால் பதின்மூன்றாம் நாள் அறுவடையின் மதிப்பு 2,660 காசு. குறைந்த ஊதியமே ஆயினும் விரைந்து திரும்பும் முதல், மும்முறை சுழன்று இரண்டரை மடங்கு முந்திவிடுகிறது. நிலத்துக்கு எவ்வளவு என்று கேட்பதும் காசுக்கு எவ்வளவு என்று கேட்பதும் வெவ்வேறு வினாக்கள். பணம் அருகியிருக்கும்போது இரண்டாவதே பொருந்தும் வினா.

பதின்மூன்றாம் நாள் ஊரில் முட்டைத் திருவிழா. ஸ்ட்ராபெரி விதை வேனிலில் அன்று ஒரு நாள் மட்டுமே, 100 காசுக்கு விற்கப்படும். ஆனால் அன்று கடை அடைப்பு. பண்ணையின் விற்பனைப் பெட்டியில் இட்ட சரக்குக்கு மறுநாள் காலையில்தான் பணம் வரும். ஆகவே மேற்கண்ட 2,660 காசு திருவிழாவில் கைக்கு எட்டாது. முன்னமே சிறிது பணத்தை ஒதுக்கி வைத்தவரே விதை வாங்க இயலும். வாங்கி அன்றே நட்டால் அப்பருவத்தில் இரு பறிப்பு, 240 காசு. அடுத்த ஆண்டு வேனில் முதல் நாள்வரை விதையைப் பேணி நட்டால் ஐந்து பறிப்பு, 600 காசு. பணம் உள்ளவருக்குக் காத்திருத்தல் ஆதாயம்; இல்லாதவருக்கு அது இயலாத செயல். விளையாட்டின் வேறெந்த உரையாடலிலும் வறுமை இத்துணைத் துல்லியமாகச் சொல்லப்படவில்லை.

4. உழைப்பு அருகிய கட்டம்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று கூறும். இவ்விளையாட்டில் நிலம் அளவுக்கு மேல் கிடக்கிறது. இயல்பான பண்ணையில் உழத்தக்க கட்டங்கள் 3,400க்கும் மேல்; வாரமோ குத்தகையோ வரியோ இல்லை. பொழுதுதான் குறுகியது. காலை 6 மணி முதல் பின்னிரவு 2 மணிவரையான ஒரு நாள், ஆட்டக்காரரின் கடிகாரத்தில் ஏறத்தாழ 14 நிமிடமே. உடலாற்றலுக்கும் வரம்பு உண்டு. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 270 அலகு. ஒரு கட்டத்துக்கு நீர் ஊற்ற 2 அலகு. வேறு எப்பணியும் செய்யாவிடினும் 135 கட்டத்துக்கு மேல் நீர் வார்க்க இயலாது. இது நிலத்தில் நூற்றில் நான்கு பங்கு.

முன்னர்க் கண்ட 76 பார்ஸ்னிப்புக்கு நாள்தோறும் 152 அலகு செலவாகும். இந்நிலையில் கேட்கவேண்டிய வினா மாறுகிறது: ஒரு வாளி நீருக்கு எவ்வளவு? இப்போது காலிஃபிளவர் முந்துகிறது. கோடையில் புளூபெரி மேலும் சிறக்கிறது. அதன் விதை 80 காசு. 13 நாளில் காய்க்கத் தொடங்கி நான்கு நாளுக்கு ஒருமுறை மும்மூன்று பழம் தரும். பழம் ஒன்று 50 காசு. முதல் நாளில் நட்டால் நான்கு பறிப்பு, 12 பழம், 600 காசு. மீண்டும் உழவும் நடவும் வேண்டா. அதே கோடையில் முலாம்பழத்தை இருமுறை பயிரிட்டால் விதைச் செலவு நீங்கலாகக் கிடைப்பது 340 காசு. புளூபெரி தருவது 520 காசு.

உழைப்பின் தடையை நீக்குவது தெளிப்பான். அதன் மூவகை முறையே 4, 8, 24 கட்டங்களுக்கு ஒவ்வொரு காலையும் தானே நீர் தெளிக்கும். இறுதி வகை கிடைத்தபின் நீர்க்குடம் மூலையில் கிடக்கும். பின்னர் 20,000 காசும் கல், நார், 9 நட்சத்திரப்பழம் ஆகியனவும் செலவிட்டு ஜூனிமோ குடில் அமைத்தால், வன ஆவிகளாகிய ஜூனிமோக்கள் வந்து அறுவடையும் செய்துவிடும். அவற்றுக்குக் கூலி இல்லை. கூலியாள் என்னும் பாத்திரமே இல்லாத இப்பண்ணையில், கூலியற்ற உழைப்பு தெய்வத்தன்மை பூண்டு நுழைகிறது. நாட்டுப்புறக் கவிதைகளில் உழைப்போர் மறைந்துபோவதை வில்லியம்ஸ் சுட்டினார். இங்கோ தொடக்கத்தில் உழைப்பு ஒவ்வொரு துளி நீராகக் கணக்கிடப்பட்டு, செல்வம் சேர்ந்தபின்னரே மறைக்கப்படுகிறது. பழைய கவிதைகளைவிட இது நேர்மையான முறை எனலாம்.

5. கலன் அருகிய கட்டம்

பெருஞ்செல்வம் வயலில் பிறப்பதில்லை. பழத்தை நொதிகலனில் இட்டால் ஏறத்தாழ ஏழு நாளில் மூன்று மடங்கு விலையுள்ள மது ஆகும். சாடியில் இட்டால் அடிப்படை விலையின் இரு மடங்கோடு 50 காசு சேர்ந்த விலையுடைய பழப்பாகு, மூன்று நாளுக்குள் கிடைக்கும். இவ்விரு வாய்பாடுகளும் சந்திக்கும் இடம் 50 காசு. அதனினும் மலிவான பழத்துக்குச் சாடியும், அதனினும் விலையுயர்ந்த பழத்துக்கு நொதிகலனும் மிகுதியாகத் தரும். புளூபெரி சரியாக எல்லையில் நிற்கிறது: இரண்டிலும் 150 காசே. விலை ஒன்றாயின் விரைவில் முடியும் சாடியே தக்கது. காய்கறிச் சாறு இரண்டே கால் மடங்குதான் என்பதால் அங்கு எல்லை 200 காசுக்கு உயர்கிறது.

நொதிகலன் ஒன்று செய்ய மரம், செம்பு, இரும்பு ஆகியவற்றோடு ஓக் மரப் பிசினும் வேண்டும். பிசின் ஒரு வாரத்துக்கு ஒருமுறையே வடியும். ஆகவே வயலில் பழம் குவிந்திருக்கக் கலன் போதாமல் நிற்பது இக்கட்டத்தின் இயல்பு. வினா மீண்டும் மாறுகிறது: கலன் ஒன்றின் ஒரு வாரத்துக்கு எவ்வளவு? பத்துக் கலன்கள் ஒரு பருவத்தில் 40 முறை நிரம்பும். புளூபெரி இட்டால் 6,000 காசு. நட்சத்திரப்பழம் இட்டால், பழம் ஒன்று 750 காசாதலின் மது 2,250 காசாகி, 90,000 காசு. விதைக்கு 400 காசு தருவது முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். கலனே அருகிய பொருள் என்று உணர்ந்தபின் அத்தயக்கம் அகலும்.

பழத்தின் தரம் மதுவின் விலையைப் பாதிப்பதில்லை என்பதும் கருதத்தக்கது. உரமிட்டுப் பேணிய பொன்தரப் பழமும் வாடிய பழமும் கலனுக்குள் ஒன்றே. எனவே நற்பழத்தை அப்படியே விற்று, எஞ்சியதை நொதிக்கவிடுவது அறிந்தோர் வழக்கம். பயிரைப் பேணும் திறனுக்கு இருந்த மதிப்பு இங்கு மங்குகிறது.

இவ்வழியின் முடிவில் இருப்பது தொன்மைக்கனி. 28 நாளில் காய்க்கத் தொடங்கி வாரம் ஒருமுறை தவறாது காய்க்கும் அச்செடி, பசுமைக்குடிலுக்குள் பட்டுப்போவதே இல்லை. பழம் 550 காசு. மது 1,650 காசு. வேளாண் திறனின் பத்தாம் நிலையில் பதப்படுத்துநர் தொழிலைத் தேர்ந்தவருக்கு நூற்றுக்கு நாற்பது கூடி 2,310 காசு. வாரந்தோறும் காய்க்கும் செடியும் வாரத்தில் முடியும் கலனும் ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன. 100 செடியும் 100 கலனும் உள்ள பண்ணை வாரத்துக்கு 2,31,000 காசும், பருவத்துக்கு 9,24,000 காசும் ஈட்டும். அங்குக் காலநிலை இல்லை, பருவம் இல்லை, பயிர்வகை இல்லை. ஒரு கண்ணாடிக் கூடமும், கலன் வரிசைகள் நிறைந்த கொட்டகைகளும் உள்ளன. தாத்தாவின் மடல் எதை விட்டு வரச் சொன்னதோ அதன் சாயல் இதில் தெரிகிறது.

பசுமைக்குடில் கிடைக்கும் முறையும் இங்கு நோக்கத்தக்கது. பொதுக்கூடத்தின் சரக்கறைக்கு வேண்டிய பல்வகை விளைபொருள்களைப் பருவந்தோறும் பயிரிட்டுப் படைத்தவருக்குப் பரிசாக அது சீர்செய்து தரப்படுகிறது. ஜோஜா வழியில் அதன் விலை 35,000 காசு. பன்மைப் பயிருக்குக் கிடைக்கும் பரிசே ஒற்றைப் பயிருக்கு வாயில் திறக்கிறது.

6. விலை ஏன் சரியவில்லை

மேற்கண்ட கணக்கு முழுவதும் ஒரே தூணின்மேல் நிற்கிறது: விற்பனைப் பெட்டி எத்துணைச் சரக்கையும் ஒரே விலைக்கு ஏற்கும். உலகியலில் வேளாண்மையின் தலையாய இடர் இதற்கு நேர்மாறானது. தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு உயரும் என்னும் கணக்கு, கிரிகரி கிங் பெயரால் வழங்கி, சார்லஸ் டாவனன்ட் 1699இல் வெளியிட்ட நூலில் அச்சேறியது. அதை மறுபுறம் திருப்பினால், எல்லாருக்கும் நன்கு விளைந்த ஆண்டில் உழவருக்கு வருவாய் குறையும். பெலிக்கன் டவுனில் அந்நிலை நேராது. ஆட்டக்காரரைத் தவிரச் சந்தைக்குச் சரக்குக் கொணரும் உழவர் வேறு எவரும் இல்லாதது போலவே விலை அமைந்துள்ளது. கடன் இல்லை, ஆதலின் வட்டியும் இல்லை.

விலையை அசையவிட்ட விளையாட்டுகளும் உள்ளன. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று 2008 முதல் வெளியிட்டுவரும் 'ஃபார்மிங் சிமுலேட்டர்' வரிசையில் ஒரே கொள்முதல் நிலையத்தில் மிகுதியாக விற்றால் அங்கு விலை இறங்கும். வங்கிக் கடனும் உண்டு. 'அனிமல் கிராசிங்' விளையாட்டில் ஞாயிறு காலை வாங்கிய டர்னிப் கிழங்கு வாரத்துக்குள் விற்காவிடில் அழுகிவிடும். அதன் விலை நாளுக்கு இருமுறை மாறும். சப்பானிய மொழியில் 'காபு' என்னும் சொல் டர்னிப்பையும் நிறுவனப் பங்கையும் குறிக்கும் என்பதே அந்நகைச்சுவையின் வேர். 2009இல் வந்த 'ஃபார்ம்வில்' விளையாட்டில் பொருளீட்டியவர் ஆட்டக்காரர் அல்லர். காத்திருக்க மனமில்லாதவரிடம் உண்மைப் பணம் பெற்ற நிறுவனமே. அதனை எள்ளிப் போகோஸ்ட் 2010இல் 'கௌ கிளிக்கர்' என்னும் விளையாட்டை ஆக்கினார்.

பரோன் விலையை நிலைப்படுத்தியதைக் குறை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. விலை நிலைத்திருப்பதால்தான் இன்றைய உழைப்பின் பயனை ஆட்டக்காரர் இன்றே கணக்கிட இயல்கிறது. உழுதவன் கணக்கு ஒருமுறையேனும் தவறாமல் பலிக்கும் ஓர் உலகம் என்பதே இவ்விளையாட்டின் உண்மையான கற்பனை. பசும்புல்லும் பட்டாம்பூச்சியும் அதன் மேற்பூச்சு. வர்ஜிலின் இடையர் பாடல்களிலேயே நிலம் பறிக்கப்பட்டு வெளியேறும் ஒருவர் முதற்பாடலில் வந்துவிடுகிறார். பெலிக்கன் டவுனின் உழவருக்கு நிலம் பறிபோகும் அச்சமே இல்லை.

7. மது செல்லும் இடம்

விற்பனைப் பெட்டிக்குள் சென்ற சரக்கு எங்குப் போகிறது என்பதை விளையாட்டு காட்டுவதில்லை. பயிரின் மட்டில் இது உறுத்துவதில்லை. மதுவின் மட்டில் உறுத்துகிறது. ஷேன் என்னும் பாத்திரம் ஜோஜா அங்காடியில் அலமாரிக்குச் சரக்கு அடுக்கும் பணியாளர், குடிக்கு அடிமையானவர், உயிர்வாழ விருப்பற்ற நிலைவரை சென்று மீள முயல்பவர். பாம் என்பவர், பேருந்து பழுதாகி வேலையிழந்து, மாலைதோறும் மதுக்கடையில் அமர்ந்திருப்பவர்; அவருடைய மகள் பென்னி அச்சுமையைத் தாங்குகிறாள். இவர்களின் துயரை எழுதிய கை, பண்ணையில் மிகுந்த ஊதியம் தரும் பொருளாக மதுவையே அமைத்தது. வாரத்துக்கு நூறு புட்டி மது பண்ணையைவிட்டுச் செல்கிறது. ஷேனின் கதையில் அதனால் ஒரு சொல்லும் மாறுவதில்லை. கதைப்பகுதியும் கணக்குப்பகுதியும் ஒன்றையொன்று அறியாமல் இயங்கும் இடங்களுள் இதுவே மிகக் கூர்மையானது. இதனை ஆசிரியரின் நோக்கம் என்று கொள்ளச் சான்றில்லை.

8. தாத்தாவின் மதிப்பீடு

மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் தாத்தாவின் ஆவி தோன்றிப் பண்ணையை மதிப்பிடும். மொத்தம் 21 மதிப்பெண். ஈட்டிய பணத்துக்கு 50,000 காசில் தொடங்கிப் படிப்படியாக மதிப்பெண் உண்டு. 10,00,000 காசை எட்டினால் பணத்துக்குரிய 7 மதிப்பெண்ணும் நிறையும். அதற்குமேல் எத்துணை ஈட்டினாலும் ஒன்றும் கூடாது. தொன்மைக்கனிப் பண்ணை இவ்வரம்பை ஏறத்தாழ ஒரே பருவத்தில் கடந்துவிடும் என்பதை மேலே கண்டோம்.

எஞ்சிய 14 மதிப்பெண் வேறிடங்களில் உள்ளன: ஊராருள் ஐவரோடும் பின் பதின்மரோடும் கொண்ட நெருக்கம், மணவாழ்வு, வளர்ப்பு விலங்கின் அன்பு, அருங்காட்சியகத்தை நிறைத்தல், பல்வகைத் திறன்கள், சுரங்கத்திலும் சாக்கடையிலும் நுழையும் திறவுகோல்கள், எல்லா வகை மீனையும் பிடித்தல். ஏற்றுமதிக்கு உரிய எல்லாப் பொருளிலும் ஒன்றேனும் அனுப்பியிருப்பதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு. ஒற்றைப் பயிர்ப் பண்ணை இதனை இழக்கும். பொதுக்கூடத்தை மீட்டு அதன் விழாவிலும் கலந்துகொண்டவருக்கு 3 மதிப்பெண். ஜோஜா வழியினருக்கு அவை இல்லை. ஆயினும் கல்லறையில் நான்கு மெழுகுவத்தியும் எரிய 12 மதிப்பெண் போதுமாதலால், ஜோஜாவோடு சேர்ந்தவரும் தாத்தாவின் முழு ஒப்புதலைப் பெறத் தடையில்லை. பணத்தின் 7 மதிப்பெண்ணோடு நிற்பவருக்கு இன்னும் 5 வேண்டும். அவர் பண்ணையைவிட்டு வெளியே வந்து, கையில் ஏதேனும் பரிசுடன், யாருடைய பிறந்தநாள் எப்போது என்று ஊர் நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்குவார்.